துளைத்தாள் கற்பித்த இசை

இசை பயில்வோன் ஆசானின் அருகிருந்து, அவன் கையையும் வாயையும் நோக்கிக் கற்றலே உலகெங்கும் பண்டுதொட்டு நிலவிவந்த வழக்கம். அவ்வழக்கத்திற்கு வேறாக, துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று முகமறியா மாணாக்கர் பலருக்கு ஆசானாக நின்ற வரலாறு அமெரிக்க நாட்டு இசையுலகில் உண்டு. அச்சுருளிற் பொதிந்திருந்த உருப்படியின் பெயர் ‘கரோலினா ஷௌட்’ என்பது. அதனை இயற்றியவர் ஜேம்ஸ் பி. ஜான்சன் என்னும் கறுப்பினக் கலைஞர். சொற்களின்றிப் பியானோ ஒன்றிலேயே வாசித்தற்கென அமைந்த அவ்வுருப்படி, மூன்று நிமிடத்திற்குள் முடிந்துவிடும் சிறுமையுடையது. ஆயினும், ஜாஸ் என வழங்கும் இசையைப் பியானோவில் வாசிக்கப் புகுந்த ஒரு தலைமுறையினர்க்கு அதுவே அரிச்சுவடி, அதுவே தேர்வு.

‘ஷௌட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கூக்குரல் என்று மட்டும் பொருள் கொள்வோர் இவ்வுருப்படியின் பிறப்பை அறியார். ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாகக் கொணரப்பெற்று அமெரிக்காவின் தென்பகுதியில் உழன்ற மக்களிடையே, வட்டமாகச் சுற்றியாடும் வழிபாட்டுக் கூத்து ஒன்று இருந்தது. அதற்கே ஷௌட் என்பது பெயர். ஆடுவோர் கால்களைப் பின்னாமலும், தரையினின்றும் மிக உயர்த்தாமலும், தேய்த்துத் தேய்த்து இடப்புறமாகச் சுற்றிவருவர். ஒருவர் அடியெடுத்துப் பாட, ஏனையோர் விடை கூறுவார்போல் திருப்பிப் பாடுவர். கைகள் கொட்டும்; கோலொன்று தரையை இடிக்கும். முழவு எங்கே என்று வினவத் தோன்றும். 1739ஆம் ஆண்டு தென் கரோலினாவில், ஸ்டோனோ என்னும் ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் முரசு கொட்டுவதைத் தடுத்தது. முரசொலி கேட்டு மீண்டும் திரள்வர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். முரசு பறிபோயிற்று. தாளமோ காலிலும் கையிலும் கோலிலும் குடிபுகுந்து வாழ்ந்தது.

ஜான்சன் தென்னாட்டில் பிறந்தவர் அல்லர். வடக்கே, நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரில் 1894ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் பிறந்தார். ஆயினும், தெற்கிலிருந்து பிழைப்பு நாடி வந்த மக்கள் தம் பழக்கங்களையும் உடன் கொண்டுவந்தனர். சிறுவர் ஜான்சன் இரவில் துயில் கலைந்து விழிக்குங்கால், கீழ்த்தளத்தில் பெரியோர் ஷௌட் ஆடும் ஒலி கேட்கும். பிற்காலத்தில் தம் இசையின் மூலத்தைப் பற்றிக் கூறியபோது அவர் இவ்விரவுகளை நினைவுகூர்ந்தார். 1908ஆம் ஆண்டில் அவர் குடும்பம் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே ப்ரூட்டோ ஜியான்னினி என்னும் இத்தாலிய ஆசானிடம் ஐரோப்பியச் செவ்விசையையும் விரல் வைக்கும் முறையையும் அவர் ஒழுங்காகக் கற்றார். ஒரு செவியில் அடிமைகளின் கூத்து, மறு செவியில் ஐரோப்பிய இசை என இரண்டும் அவரிடம் பகையின்றி வாழ்ந்தன.

நியூயார்க்கின் மேற்குப் புறத்தில், 62ஆம் தெருவில் ‘ஜங்கிள்ஸ் கேசினோ’ எனப்பட்ட நடனக்கூடம் ஒன்று இருந்தது. கூடம் என்பது மிகை, அஃதொரு நிலவறை. கறுப்பின மக்கள் நடனசாலை நடத்த உரிமம் பெறுதல் அரிதாகையால், நடனப் பள்ளி என்று அது பதிவு செய்யப்பட்டிருந்தது. பள்ளியில் ஆடுவோர் இருந்தனர்; ஆசிரியர்தாம் இல்லை! தரை வெறுஞ் சிமெண்டு. மழை பெய்தால் தெருநீர் சுவர்வழியே இறங்கும். ஆட்டத்தை நிறுத்தித் தரையைத் துடைத்துவிட்டுத் தொடர்வர். 1913ஆம் ஆண்டளவில் ஜான்சன் அங்கே பியானோ வாசித்தார். ஆட வந்தோருள் மிகப் பலர் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளிலிருந்து வந்து, துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கும் தொழில் செய்தவர்கள். நகரத்துப் புதுநடனம் சலித்தவிடத்து, ‘ஊர் ஆட்டத்திற்கு வாசியும்’ என அவர்கள் கேட்பர். அவர்கள் கால் எவ்வாறு மிதித்ததோ அவ்வாறே அவர் விரலும் மிதித்தது. அந்நிலவறையில் ஆடிய கூட்டாட்டங்களுக்கு வாசித்த இசையினின்றே ‘கரோலினா ஷௌட்’ உருப்பெற்றது.

அவ்வுருப்படியின் அமைப்பைச் சிறிது நோக்குதல் தகும். பியானோவில் 88 கட்டைகள் உண்டு. இடப்புறம் செல்லச் செல்ல ஒலி தாழும். வலப்புறம் செல்லச் செல்ல உயரும். வாசிப்போனின் இடக்கை முதலில் நெடுந்தொலைவு இடப்புறம் சென்று கீழ்ச்சுரம் ஒன்றைத் தட்டும். உடனே நடுவிற்குத் தாவிப் பல சுரங்களை ஒருங்கே அழுத்தும். மீண்டும் கீழே செல்லும். இவ்வாறு நெட்டடி வைத்து நடப்பதுபோல் இருத்தலின் இம்முறையை ‘ஸ்ட்ரைட்’ என்றனர். முழவு செய்யவேண்டிய வேலையை இடக்கையே செய்கிறது. வலக்கையோ அத்தாளத்தின் இடைவெளிகளிற் புகுந்து முந்தியும் பிந்தியும் விளையாடும்.

இவ்வளவில் நின்றிருந்தால் அது முன்னிருந்த ராக்டைம் என்னும் இசைக்கு மிக அயலன்று. ஜான்சன் செய்த புதுமை வேறு. தாழ்வும் உயர்வுமாக இரண்டிரண்டாய் ஒழுங்குடன் நடந்துவரும் இடக்கை, சிற்சில இடங்களில் எட்டு அடிகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரித்துக்கொள்ளும். நம் தாளச் சொற்கட்டால் கூறின், ‘தகதக தகதக’ எனச் சென்றது ‘தகிட தகிட தக’ எனத் திரும்பும். கணக்கு ஒன்றே; நடை வேறு. கேட்போர்க்குத் தரை சற்றே நழுவுவது போன்ற மருட்சி தோன்றும். அது தோன்றிய மறுகணமே பழைய நடை வந்து தாங்கிக்கொள்ளும். மற்றொரு பகுதியில் ஒரு தொடர் வினாவாக எழ, வேறொரு தொடர் விடையாக இறங்கும். ஷௌட் ஆடுவோர் ஒருவர் பாடப் பலர் திருப்பிப் பாடிய முறையே இங்குப் பத்து விரல்களுக்குள் அடங்கிற்று. இத்தனையையும் மிகு விரைவில், தாளம் சிதையாமல் வாசித்தல் வேண்டும். அதன் அருமை அதிலே உள்ளது.

அக்காலத்தே தானியங்கிப் பியானோக்கள் அமெரிக்க இல்லங்களில் மிகுதியாக இருந்தன. கலைஞர் வாசிப்பது காகிதச் சுருளில் துளைகளாகப் பதியப்படும். சுருளைப் பொருத்தி மிதிகட்டையை மிதித்தால், துளை வழியே புகும் காற்று உரிய கட்டையை இயக்கும். ஒருவரும் தொடாமலே கட்டைகள் தாழ்ந்து எழும். ‘கரோலினா ஷௌட்’ 1918ஆம் ஆண்டிலேயே சுருளாயிற்று. 1921ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு சுருளாக வெளிவந்து நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் ‘ஓகே’ நிறுவனத்தார்க்காக ஜான்சன் அதனை இசைத்தட்டிலும் பதிவு செய்தார்.

வாஷிங்டன் நகரில் எட்வர்ட் கென்னடி எல்லிங்டன் என்னும் இளைஞர் இருந்தார். ‘டியூக்’ என்று பின்னர் உலகம் அழைத்தது அவரையே. நண்பர் ஒருவர் இல்லத்தில் அச்சுருளைப் பொருத்தி, அதன் விரைவைக் குறைத்து, தாழ்கின்ற ஒவ்வொரு கட்டையின்மேலும் தம் விரலை வைத்து வைத்து அவர் அதனைக் கற்றார். கண்ணுக்குத் தெரியாத ஆசானின் கை அழுத்த, அதன்மேல் மாணாக்கன் கை படிந்தது எனலாம். 1921ஆம் ஆண்டில் ஜான்சன் வாஷிங்டனுக்கு வந்து அரங்கில் வாசித்தார். நண்பர்கள் எல்லிங்டனை விடவில்லை. அவர் முன்னிலையிலேயே அவருடைய உருப்படியை வாசிக்குமாறு மேடைக்குத் தள்ளினர். அவர் அஞ்சியவாறே வாசித்தார். ஜான்சன் அதனை மகிழ்ந்து கேட்டுக் கைதட்டினார். நிகழ்ச்சி முடிந்தபின் இருவரும் நெடும்பொழுது நகரைச் சுற்றினர். எல்லிங்டன் இந்நிகழ்ச்சியை முதுமையில் எழுதிய தன் வரலாற்றிலும் மறவாமற் குறித்துள்ளார்.

நியூயார்க்கில் தாமஸ் வாலர் என்னும் சிறுவரும் அவ்வாறே சுருளிலிருந்து இதனைக் கற்றார். பருவுடல் நோக்கி ‘ஃபேட்ஸ்’ என்று அவரை அழைப்பர். 1920ஆம் ஆண்டில் தாயை இழந்து, நண்பர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அவர்க்கு அங்கிருந்த தானியங்கிப் பியானோவே ஆறுதலாயிற்று. பின்னர் அவர் ஜான்சனிடமே நேரில் மாணவராகச் சேர்ந்தார். நள்ளிரவு கடந்தும் பியானோவை விட்டு எழாத அப்பிள்ளையை வீட்டிற்குப் போகச் சொல்லி அனுப்புவது ஜான்சனின் மனைவியார்க்கு நாள்தோறும் ஒரு வேலையாயிற்றாம்.

ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களிடம் வீட்டுக்காரர்கள் மிகுந்த குடிக்கூலி வாங்கினர். மாத முடிவில் அதனைச் செலுத்த வழியில்லாதார், தம் இல்லத்திலேயே விருந்தும் இசையும் அமைத்து, வருவோரிடம் சிறு கட்டணம் பெற்றுக் கூலியை அடைப்பர். அவ்விருந்துகளில் பியானோக் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் வெல்ல முயன்று விடியுமளவும் வாசிப்பர். ஆங்கே புதியவன் ஒருவன் வந்து அமர்ந்தால், ‘கரோலினா ஷௌட்’ வாசிக்கத் தெரியுமோ என்பதே அவன் தகுதிக்கு அளவுகோல்.

வாலர் ஆர்கன் கருவியைத் திரையரங்கில் வாசிக்க, அவர் காலடியில் அமர்ந்து கற்றவர் கவுண்ட் பேசி. கண்பார்வை மிகக் குன்றிய ஆர்ட் டேட்டம் தம் கலையின் மூலம் வாலரே என்றார். தெலோனியஸ் மாங்க் என்பாரின் குடும்பம் 1922ஆம் ஆண்டில் வட கரோலினாவிலிருந்து வந்து குடியேறியதோ, அந்நிலவறை இருந்த 62ஆம் தெருவிற்கு அடுத்த 63ஆம் தெருவில். மாங்கின் இசை புதுமையானது, முரண்பாடு மிக்கது என்பர். அவர் தனித்து வாசித்த இசைத்தட்டுகளில் இடக்கையைச் செவிகொடுத்துக் கேட்டால், அப்பழைய நெட்டடி நடை ஒலிப்பதை உணரலாம்.

ஜான்சன் ஆடலிசையோடு அமையவில்லை. உலகெங்கும் பரவிய ‘சார்ல்ஸ்டன்’ ஆட்டத்தின் இசையை 1923ஆம் ஆண்டில் தந்தவர் அவரே. பெரிய இசைக்குழுவிற்கான படைப்புகளையும் இயற்றினார். அவற்றுள் ‘யாமக்ரா’ என்பது 1928ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஏறியபோது, தாம் பணிபுரிந்த நாடகத்திலிருந்து அவர்க்கு விடுப்புக் கிடைக்கவில்லை; ஆசான் இயற்றியதை மாணவராகிய வாலரே வாசித்தார். 1932ஆம் ஆண்டில் ‘ஹார்லெம் சிம்பனி’ எழுதினார். தம்மைச் செவ்விசை வல்லுநராகவும் ஏற்கவேண்டும் என அவர் விழைந்தார். ஏற்க வேண்டியோர் ஏற்கவில்லை. அவர் உதவித்தொகை வேண்டி விடுத்த விண்ணப்பமும் பயன் தரவில்லை. மாணவர்கள் புகழ் ஓங்க, அவர் பெயர் மங்கிற்று. 1951ஆம் ஆண்டில் வாதநோய் அவர் கைகளை முடக்கியது. 1955ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் அவர் மறைந்தார்.

குவீன்ஸ் பகுதியில் உள்ள இடுகாடு ஒன்றில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. கல்லறையின்மேல் பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை. அரை நூற்றாண்டிற்கு மேல் அவ்வாறே கிடந்தது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் பியானோக் கலைஞர்கள் சிற்றரங்கு ஒன்றில் கூடி, அவருடைய உருப்படிகளை வாசித்துப் பொருள் திரட்டினர். அந்நிகழ்ச்சிக்கு அவர்கள் இட்ட பெயர், ‘ஜேம்ஸ் பி. ஜான்சனின் கடைசிக் குடிக்கூலி விருந்து’ என்பது. அதன்பின் கல் நாட்டப்பெற்றது.