உளநோய்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியையும் ஆங்குக் கண்டவற்றையும் கூறி வள்ளலிடம் செலுத்துதல் அவ்வகைப் பாட்டின் இலக்கணமாம். ஈழத்தில் உளவளத்துணையைக் குறிக்க ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல்லும் வழங்குகின்றது. சொல் பொருத்தமானதே, ஆயினும் ஒரு குறை உண்டு. பாணனுக்கு வழி கூற முன்சென்று மீண்ட பாணன் இருந்தான். உளநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவரோ அதனைப் பிறரிடம் பெரும்பாலும் உரைப்பதில்லை. ஆகவே முதன்முறை செல்வார்க்கு அவ்வறையினுள் யாது நிகழும் என்பது தெரிவதில்லை. அறியாமை அச்சமாகின்றது, அச்சத்தால் காலம் கழிகின்றது.

இவ்வச்சத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இலங்கையில் மனநோயாளர் பற்றிய சட்டம் 1873-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது நோயாளரைக் குணப்படுத்துதலினும் அடைத்துக் காத்தலையே பெரிதும் கருதியது. நெடுங்காலம் கொழும்பை அடுத்த அங்கொடை மருத்துவமனையே உளநோய்க்குப் புகலிடமாய் இருந்தமையால், ‘அங்கொடை’ என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்நிலையை அசைத்தது. இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. கல்முனை முதல் திருக்கோவில் வரையுள்ள கரையோரப் பகுதியிலும் அதன் அயலிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். போரினால் முன்னரே புண்பட்டிருந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒரே காலையில் ஒரே துயரில் ஆழ்ந்தனர். 2005-இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, பெரிய மனநல மருத்துவமனைகளில் குவிந்திருந்த சிகிச்சையை மாவட்டங்கள்தோறும் பரப்ப முற்பட்டது. உளநலப் பணிக்கெனப் பயிற்றப்பெற்ற வைத்தியர்கள் அரச வைத்தியசாலைகளில் நியமிக்கப்பட்டனர். பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர் பணிபுரிகின்றனர். ஆலையடிவேம்பில் வாழும் ஒருவர், உறக்கமின்மையை உரைக்கக் கொழும்புக்குச் செல்லவேண்டிய தேவை இன்றில்லை.

இனி, அறையினுள் நிகழ்வது யாது? முதற்சந்திப்பு பெரும்பாலும் வினாக்களால் நிரம்பியது. உறக்கம், உணவு, வேலை, குடும்பம், முன்பு உற்ற நோய்கள், குடிப்பழக்கம் ஆகியன வினவப்படும். வருபவர் பலர் மனத்துயர் என்று கூறி வருவதில்லை. நெஞ்செரிவு, தலைப்பாரம், உடற்சோர்வு, பெருமூச்சு என உடலின் மொழியிலேயே கூறுவர். போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்து 1998-இல் ஆங்கில நூலொன்று வெளியிட்ட யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் இதனை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வாறு கூறுவது பிழையன்று. உடல்நோய் உண்டோ எனவும் ஆராய்ந்த பின்னரே வைத்தியர் துணிவர்.

‘இறந்துவிட எண்ணியதுண்டா’ என்னும் வினாவும் எழும். முதன்முறை கேட்பார் அதிர்வர். இவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைக்கும் என்பது தவறு என ஆய்வுகள் காட்டுகின்றன. சுமையைப் பகிர்ந்த ஆறுதலையே அது பெரும்பாலும் தரும். தற்கொலை முயற்சி குற்றமென்னும் சட்டப்பிரிவு இலங்கையில் 1998-இல் நீக்கப்பட்டது. ஆதலின் உண்மையை உரைத்தால் பொலிசார் வழக்குத் தொடுப்பர் என அஞ்சி மறைக்க வேண்டுவதில்லை. நள்ளிரவில் அத்தகைய எண்ணம் மிகுமாயின், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

சிற்றூர்களில் பெரிதும் உறுத்துவது மறைகாப்புப் பற்றிய ஐயம். எல்லாரும் எல்லார்க்கும் உறவினராகும் ஊரில், கூறியது சந்தைக்கு வந்துவிடாதா? சங்க அகப்பாடல்களில், மகளின் மெலிவைக் கண்ட தாய் முருகன் அணங்கினான் எனக் கருதி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள். மெய்க்காரணத்தை அறிந்தவள் உடனிருந்து கேட்ட தோழியே. கேட்டலால் நோயின் மூலத்தை அறிதலில் உளவளத்துணையாளர் தோழியை ஒப்பர். ஆயின் தோழி அறத்தொடு நின்று செவிலிக்கு வெளிப்படுத்துவாள், உளவளத்துணையாளரோ உரையார். நோயாளியின் உயிர்க்கோ பிறர் உயிர்க்கோ ஊறு நேரும் என்ற இடத்தும், சிறுவர்க்குத் தீங்கு இழைக்கப்படும் இடத்தும் மட்டுமே அவ்விதி தளரும். இவ்வெல்லையை முதல்நாளிலேயே கேட்டுத் தெளிதல் நோயாளியின் உரிமை. உடன்வரும் தாயையோ கணவனையோ சிறிது நேரம் வெளியே இருக்குமாறு வேண்டுதல் அவமதிப்பன்று. அதுவும் இம்மறைகாப்பின் பொருட்டே. துணையாளர் உறவினராயின் வேறொருவரை நாடலாம். அதனை நல்லவர் எவரும் குறையாகக் கொள்ளார்.

கோவில் நேர்த்தியையும் பள்ளிவாசலில் ஓதிப்பெற்ற நீரையும் கைவிடுமாறு வற்புறுத்துதல் நற்சிகிச்சையன்று. ஆனால் அவற்றைக் காரணங்காட்டி மருந்தை நிறுத்துதல் கேடு பயக்கும்.

பேச்சே மருந்தாதல் எங்ஙனம் என ஐயுறுவர் பலர். 1880 முதல் 1882 வரை வியன்னாவில் யோசேப் புரூயரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணொருத்தியே அதனைப் ‘பேச்சுச் சிகிச்சை’ என முதலில் அழைத்தாள். இன்று பெரிதும் கைக்கொள்ளப்படும் முறை, அமெரிக்க அறிஞர் ஆரன் பெக் 1960-களில் வகுத்ததை ஒட்டியது. துயர எண்ணத்தை அது எழுந்த வேளையில் குறித்துக்கொள்ளலும், அதற்குச் சான்று உண்டோ என ஆராய்தலும், அஞ்சி விலகியவற்றைச் சிறிது சிறிதாக மீண்டும் மேற்கொள்ளலும் அதன் வழி. கடலை நோக்கவே அஞ்சுபவர் முதலில் வீதியின் முனைவரை, பின்னர் மணற்பரப்பின் ஓரம்வரை எனச் செல்வதை எண்ணிப் பார்க்கலாம். இம்முறையில் ஓர் அமர்வு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கிழமைக்கு ஒருமுறையாகச் சில மாதங்கள் தொடர்வது வழக்கம். நெரிசல் மிக்க அரச வைத்தியசாலையில் அத்துணை நேரம் கிடைத்தல் அரிது என்பதையும் மறைத்தற்கில்லை.

அறிவுரை மழையை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். துணையாளர் சிலபொழுது வாளாவிருப்பர். அவ்வமைதி நோயாளி பேசுதற்கு விட்ட இடம். பேரிடரில் நிகழ்ந்தவை அனைத்தையும் முதல்நாளே கூறவேண்டுவதில்லை. அவ்வாறு ஒரே அமர்வில் உரைக்கச் செய்தல் பின்வரும் உளவடுவைத் தடுப்பதில்லை என ஆய்வுகள் காட்டியதால், பன்னாட்டு அமைப்புகள் 2007-இல் வெளியிட்ட நெருக்கடிக்கால வழிகாட்டி அதனைத் தவிர்க்கச் சொல்கின்றது. முதற்சில அமர்வுகளின் பின் துயர் சற்று மிகுதலும் உண்டு. அதனையே அடுத்தமுறை எடுத்துரைத்தல் நன்று. மனச்சோர்வுக்கு மருந்து கொடுக்கப்படின், அதன் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை செல்லும். ‘நேற்று விழுங்கினேன், இன்றும் உறக்கமில்லை’ என்று எறிந்துவிடுவோரே மிகப் பலர். நலம் தோன்றிய பின்னரும் உடன் நிறுத்தாது, வைத்தியர் கூறும் காலம்வரை உட்கொண்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்தே விடவேண்டும். அடுத்து வரவேண்டிய நாள் சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதித் தரப்படும். அதனைக் கொண்டு செல்லின் வைத்தியர் மாறினும் கதையை முதலிலிருந்து கூறவேண்டியிராது.