கைத்தடிக்கு உயரம் எவ்வளவு?

மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்புதான் வழி. ஈரத்தில் அது வழுக்கும். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி, உப்பு வாரியே முதுகு வளைந்தவர், உடைந்த மூங்கில் கழியை ஊன்றி அதில் நடந்துவந்தார். எங்கள் வகுப்பின் கைத்தடிச் செயல்பாடு அவருக்காகத் தொடங்கியது.

மாணவர்கள் முதலில் கொண்டுவந்தது சீமைக்கருவேலம். கழுவெளி ஓரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் முள் அதிகம், நம் மண்ணின் மரமும் அன்று. எனவே பூவரசைத் தேர்ந்தெடுத்தோம். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் பயன்பட்ட உறுதியான மரம், கடற்காற்றையும் தாங்கும். வேலியில் கிளை கழிக்கும்போது கிடைக்கும் நேரான கொம்பே போதும். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் குச்சிகூட ஒடிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளே எனக்குச் சொன்னார்கள்.

பச்சைக் கொம்பை உடனே சீவினால் வெடித்துவிடும். முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறுகிறது. ஆகவே பட்டையை உரிக்காமல், இரு முனைகளிலும் மெழுகு பூசி, நேரான பலகையோடு கட்டி நிழலில் வைத்தோம். வாரந்தோறும் எடை பார்த்து வரைபடம் வரைந்தார்கள். கோடு இறங்குவது நின்றால் கொம்பு காய்ந்துவிட்டது என்று பொருள். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அளவில் தவறியது நான்தான். கடைத் தடியைப் பார்த்து 90 செ.மீ. வைத்தேன். ஊன்றியதும் பாட்டியின் தோள் தூக்கிக்கொண்டது. "இது உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும் சார்" என்றார். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை உள்ள உயரமே சரியான அளவு. செருப்பணிந்து நடப்பவரை அதோடு நிறுத்தியே அளக்க வேண்டும். அவருக்கு 72 செ.மீ. வந்தது. நல்லவேளை, நீளத்தைக் குறைக்கலாம்!

துருப்பிடிக்கும் என்பதால் ஆணி அடிக்கவில்லை. அடியில் ரப்பர் மூடி மாட்டினோம். அது தேய்ந்து, பாட்டி இப்போது இரண்டாவதை மாட்டியிருக்கிறார்.