பைட்டாகப் போனதும் டைப்போடு போவதும்

ஒரு ப்ரோகிராம் இன்னொரு ப்ரோகிராமுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த இன்னொன்று இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியாது. இந்தச் சிக்கலுக்குத்தான் மெசேஜ் க்யூ வந்தது. ஐபிஎம்மின் எம்க்யூசீரீஸ் 1993-ல் வெளிவந்ததும் வங்கிகள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன. கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்து, எதிர்ப்பக்கம் தயாரானதும் ஒப்படைக்கும். நிலைத்திருக்க வேண்டும் என்று குறித்த மெசேஜ், மெஷின் விழுந்து எழுந்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, தபால்காரருக்குப் போலவே, அதன் வேலை இல்லை. ஒவ்வொரு மெசேஜின் தலைப்பிலும் ‘ஃபார்மட்’ என்று 8 எழுத்துக்கு ஓர் இடம் உண்டு. உள்ளடக்கத்தைப் பற்றி க்யூவுக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மீதியெல்லாம் மனிதர்கள் பொறுப்பு. அனுப்புகிற பக்கத்தில் ஃபீல்டுகளின் வரிசையும் நீளமும் எழுதிய ஒரு கோபோல் காப்பிபுக், வாங்குகிற பக்கத்தில் அதன் நகல். முதல் 10 இடம் வாடிக்கையாளர் எண், அடுத்த 30 இடம் பெயர், அதற்கடுத்த 9 இடம் தொகை என்று வைத்துக்கொள்வோம். பெயருக்கு 30 போதாது என்று ஒரு பக்கத்தார் மட்டும் 40 ஆக்கிவிட்டால், வாங்குகிற ப்ரோகிராம் பழையபடி 41-ஆம் இடத்திலிருந்துதான் தொகையைப் படிக்கும். அங்கே இப்போது கிடப்பது பெயரின் வால். சின்னப் பெயராக இருந்தால் வெறும் வெற்றிடம். சில ப்ரோகிராம்கள் அதைப் பார்த்ததும் பிழை காட்டி நின்றுவிடும். சில, வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். நின்றுவிட்டால் அன்றைக்கே தெரியும். பூஜ்யமாகப் போனது மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியும்.

எழுத்துகளிலும் இதே கதை. மெயின்ஃப்ரேமில் ஆங்கிலப் பெரிய ‘ஏ’வுக்கு எண் 193, யூனிக்ஸ் மெஷினில் 65. முழுவதும் எழுத்துதான் என்று ஃபார்மட்டில் குறித்திருந்தால் க்யூவே மாற்றித் தரும். அதே மெசேஜுக்குள் ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்களை அடைக்கும் காம்ப்-3 தொகை ஒன்று இருந்தால், அதையும் எழுத்தென்றே எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். தொகை உருக்குலைந்து வந்து சேரும்.

சென்னை அலுவலகங்களில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து வெளிநாட்டு வங்கிகளின் சிஸ்டங்களைப் பராமரித்த தலைமுறைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எந்த ஃபீல்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற ஒப்பந்தம் ஓர் எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். அந்த ஷீட்டின் எந்த வெர்ஷன் சரி என்பது டீமில் ஒரு சீனியருக்குத் தெரிந்திருக்கும். ஹெக்ஸ் டம்ப்பை வரி வரியாகப் பார்த்து, எத்தனையாவது பைட்டில் தடம் மாறியது என்று விரல் வைத்துக் காட்டியவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மெசேஜுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் டைப் வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1998-ல் சன் நிறுவனம் கொண்டுவந்த ஜேஎம்எஸ்ஸில் ‘ஆப்ஜெக்ட் மெசேஜ்’ என்று ஒன்று இருந்தது. ஜாவா ஆப்ஜெக்டை அப்படியே க்யூவில் போடலாம். அந்தப் பக்கம் அதே ஆப்ஜெக்டாக எடுக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் ஜாவாவாகவே இருக்க வேண்டும், அதே கிளாஸ் இருக்க வேண்டும். கிளாஸில் ஒரு ஃபீல்டைச் சேர்த்தாலே, வெர்ஷன் எண்ணைக் கையால் நிலைநிறுத்தி வைக்காதவர்களுக்கு மெசேஜ் திறக்க மறுத்தது. வந்ததைக் கேள்வி கேட்காமல் ஆப்ஜெக்டாக மாற்றுவது பாதுகாப்பு ஓட்டை என்பதும் பின்னால் வெளிவந்தது. அதனால் பலர் எக்ஸ்எம்எல்லுக்கும் பிறகு ஜேசானுக்கும் போனார்கள்.

ஜேசான் கண்ணால் படிக்க வசதி. ஆனால் அதில் தேதி என்ற வகையே கிடையாது. முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் வேறுபாடு கிடையாது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்கும். 9007199254740993 என்று அனுப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. 2010-ல் ட்விட்டர் நீளமான அடையாள எண்களுக்கு மாறியபோது, ஒவ்வொரு எண்ணையும் ஸ்ட்ரிங்காகவும் கூடவே அனுப்பியது இதற்காகத்தான்.

இன்று நிலைமை வேறு. டைப் உள்ள லைப்ரரியில் ‘ஆர்டர்’ என்ற க்யூவை ஒருமுறை அறிவிக்கிறோம்: ஆர்டர் எண் ஸ்ட்ரிங், தொகை முழு எண், நேரம் தேதி. அனுப்பும் ஃபங்ஷனுக்குத் தொகையை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் எடிட்டரிலேயே சிவப்புக் கோடு விழுகிறது. வாங்குகிற பக்கத்தில் மெசேஜின் பெயரை அடித்துப் புள்ளி வைத்ததும், உள்ளே இருக்கும் ஃபீல்டுகள் பட்டியலாக விரிகின்றன. ஃபீல்டின் பெயரை மாற்றினால், அதைத் தொடும் இடமெல்லாம் பில்டில் உடைந்து காட்டிக்கொடுக்கிறது. எக்ஸெல் ஷீட்டிலும் சீனியரின் நினைவிலும் இருந்த ஒப்பந்தம் ப்ரோகிராமுக்குள் வந்துவிட்டது. இதை நான் பெரிய முன்னேற்றமாகவே பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரமே யாரையும் கேட்காமல் ஒரு மெசேஜை அனுப்ப முடிகிறது.

ஆனால் டைப் என்பது கம்பைலருக்குச் சொன்ன சொல். க்யூவுக்கு அது தெரியாது. 2011-ல் லிங்க்ட்இன் பொதுவில் விட்ட காஃப்காவுக்கும் மெசேஜ் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. டைப்ஸ்கிரிப்டில் எழுதிய டைப்புகள் கம்பைல் ஆனதும் அழிந்துபோகின்றன. மேலே சொன்ன ஆர்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தைத் தேதியாக அறிவித்தோம். ஜேசானாக மாறும்போது அது ஸ்ட்ரிங் ஆகிறது. அந்தப் பக்கம் வெறுமனே பார்ஸ் செய்தால் ஸ்ட்ரிங்காகவே நிற்கிறது. லைப்ரரி ‘இது ஆர்டர்தான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தினால் கம்பைலர் நம்பும். ஓடும்போது, தேதியிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியை ஸ்ட்ரிங்கிடம் கேட்டு ப்ரோகிராம் விழும். முத்திரை மட்டும் குத்தும் லைப்ரரியை நான் டைப் உள்ள லைப்ரரி என்று ஏற்க மாட்டேன். வந்த பைட்டுகளை ஸ்கீமாவோடு, அதாவது எந்த ஃபீல்டு என்ன வகை என்ற வரையறையோடு, ஒப்பிட்டு, பொருந்தாததை ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் க்யூவுக்குத் தள்ளுவதே உண்மையானது. டைப்ஸ்கிரிப்டில் ஸாட் போன்ற சோதனை லைப்ரரிகளை வாசலில் நிறுத்துவது இதற்குத்தான். ரஸ்டில் செர்டே லைப்ரரி, வந்த பைட்டிலிருந்து மதிப்பை உருவாக்கும்போதே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது.

இன்னொன்று, காலம். காஃப்கா மெசேஜை, நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், 7 நாள் வைத்திருக்கும். இன்று மதியம் புதிய ப்ரோகிராமை ஏற்றினாலும், போன திங்கட்கிழமை எழுதிய மெசேஜ் பழைய வடிவத்தில் உள்ளே காத்திருக்கிறது. எல்லாம் ஒரே ரெப்போவில் இருக்கிறது, ஒரே டைப்பைத்தான் பகிர்கிறோம் என்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். கூகுள் 2008-ல் பொதுவில் விட்ட ப்ரோட்டோபஃப்பில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஓர் எண் தருவதும், நீக்கிய ஃபீல்டின் எண்ணை மறுபடி எடுக்கக் கூடாது என்பதும் இந்தப் பழைய மெசேஜுகளுக்காகத்தான். காஃப்காவோடு பலர் பயன்படுத்தும் கன்ஃப்ளூயன்டின் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியோடு வேலை செய்யும்போது, மெசேஜின் தொடக்கத்தில் 5 பைட் சேர்கிறது: ஒன்று அடையாளத்துக்கு, நான்கு ஸ்கீமா எண்ணுக்கு. அன்று 8 எழுத்து ஃபார்மட் சொல்ல முடியாததை இந்த 5 பைட் சொல்கிறது. பழைய மெசேஜைப் படிக்க முடியாதபடி ஸ்கீமாவை மாற்றப் பார்த்தால், பதிவு செய்யும்போதே ரெஜிஸ்ட்ரி மறுத்துவிடுகிறது.

எந்த லைப்ரரியும் பிடிக்காத பிழையும் உண்டு. தொகை முழு எண்தான். அது ரூபாயா பைசாவா என்பது டைப்பில் இல்லை. ஒரு பக்கம் 500 ரூபாய் என்று அனுப்ப, மறுபக்கம் 500 பைசா என்று எடுத்துக்கொண்டால் எல்லாச் சோதனையும் தேறிவிடும்.

புதிதாக க்யூ ஒன்றைத் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் மெசேஜை அனுப்பும் முன்பே ஸ்கீமாவை எழுதிவிடுங்கள். வாங்குகிற பக்கத்தில் சோதிக்காத லைப்ரரியை, எவ்வளவு அழகாக எடிட்டரில் பட்டியல் விரித்தாலும், எடுக்காதீர்கள். தொகை ஃபீல்டுக்குப் பெயரிலேயே ‘பைசா’ என்று சேர்த்துவிடுங்கள்.