நினைவுக்குத் துணை நிற்கும் பட்டியல்

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரருகே, போயிங் நிறுவனத்தாரின் 299 என்னும் நான்கு எஞ்சின் விமானம் பரீட்சார்த்தமாகக் கிளம்பி, செங்குத்தாக மேலேறித் தரையில் விழுந்து தீப்பற்றியதில் இருவர் உயிரிழந்தனர். இயந்திரத்தில் யாதொரு பழுதுமில்லை. தரையில் நிற்கையில் வால்பகுதிச் சுக்கான்கள் காற்றில் அசையாதிருக்கும்பொருட்டு மாட்டப்படும் பூட்டை விடுவிக்க மறந்ததே அந்த அனர்த்தத்துக்குக் காரணம். அனுபவத்திலும் சாமர்த்தியத்திலும் சிறந்தவர்களே மறந்தனரென்றால், பயிற்சியை அதிகரிப்பதால் மட்டும் பயனில்லை என்பதை உணர்ந்த ராணுவ விமானிகள், செய்யவேண்டியவற்றைச் சுருக்கமான பட்டியலாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

அந்த எளிய உபாயம் பின்னர் வைத்தியத் துறையிலும் பிரவேசித்தது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட, 19 அம்சங்கள் கொண்ட பட்டியல், மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அறையை விட்டு வெளியேறுமுன் என மூன்று தருணங்களில் வைத்தியர்களையும் தாதியரையும் நிறுத்தி, உரக்கக் கேட்டு உறுதிசெய்யச் சொல்கிறது. டில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பரிசோதித்தபோது, சஸ்திர சிகிச்சைக்குப் பிந்திய மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது.

ஆனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மருத்துவமனைகளில் அது நடைமுறைக்கு வந்தபோது, அத்தகைய பலன் தென்படவில்லை என்று 2014-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆகவே, தவறினால் உயிருக்கு அபாயம் நேரும் அம்சங்களை மட்டுமே பட்டியலில் சேர்த்து, அடையாளமிடுவதை வெறும் சடங்காக்காமல், பதவியில் இளையவரும் மூத்தவரை நிறுத்திக் கேட்கும் உரிமையை மனப்பூர்வமாக வழங்கினாலன்றி, எந்தப் பட்டியலும் நம்மைக் காவாது.