வலை பின்னும் கூடமும் வடசென்னைத் தோழமையும்

கைவேலை ஒன்றைச் சுற்றி மனிதர்கள் கூடி, பேசிப் பழகி, ஒருவருக்கொருவர் உறுதுணையாவது குளிர்நாடுகளில் கம்பளி நூல் பின்னலோடு சேர்த்தே பேசப்படுகிறது. குளிரறியாத வடசென்னைக் கடற்கரையில் அந்த இடத்தை நெடுங்காலமாக வகித்துவருவது மீன்வலை. ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தொடங்கி, திருவொற்றியூர்க் குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையிலும், படகுகள் கரையில் நிற்கும் வேளைகளில் வலைகள் தரையில் விரிந்து கிடப்பதையும் அவற்றைச் சுற்றி மீனவர்கள் கும்பலாக அமர்ந்திருப்பதையும் காணலாம்.

இரண்டும் நூல்வேலைதான் என்றாலும் அமைப்பில் வேறானவை. கம்பளிப் பின்னலில் இரண்டு ஊசிகளால் ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுத்து வரிசை வரிசையாகத் துணியாக்குகிறார்கள். குரோஷே எனப்படும் கொக்கிப் பின்னலில் அதே வேலையை ஒற்றைக் கொக்கி ஊசி செய்கிறது. இவற்றில் வளையங்கள் முடிச்சிடப்படாமல் ஒன்றையொன்று பற்றி நிற்பதால், நுனி நூலை இழுத்தால் வேலை முழுவதும் பிரிந்துவிடக்கூடும். மீன்வலையிலோ ஒவ்வொரு கண்ணும், அதாவது நூலால் சூழப்பட்ட ஒவ்வோர் இடைவெளியும், மூலைக்கு மூலை முடிச்சிடப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் சேதம் அந்த இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வலையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுப் பல காலம் பயன்படுத்த முடிவதும் இதனால்தான்.

செப்பனிடுவது கணக்குத் தெரிந்த கைகளுக்கே வசப்படும் வேலை. முதலில் அறுந்த முனைகளை நறுக்கி ஓட்டையின் ஓரத்தைச் சீராக்க வேண்டும். முடிச்சொன்றில் நான்கு இழைகள் கூடுவது வழக்கம் என்றாலும், தொடங்கும் முடிச்சிலும் முடிக்கும் முடிச்சிலும் மூன்று இழைகள் மிஞ்சுமாறு நறுக்கினால்தான் இடையிலுள்ள கண்கள் கணக்குத் தவறாமல் நிரம்பும். பிறகு நூல் சுற்றிய வலை ஊசி, மேலிருக்கும் கண்ணுக்குள் நுழைந்து, அதன் இரு இழைகளையும் பின்புறமாக வளைத்து, தன் நூலுக்கடியிலேயே வெளிவந்து இறுகும்போது ஒரு முடிச்சு விழுகிறது. இந்த ஊசி நடுவில் நாக்குப் போன்ற முள்ளைக் கொண்ட தட்டையான கருவி. முன்பு மூங்கிலிலும் மரத்திலும் செதுக்கப்பட்டது, இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஒருவர் முடிச்சிட, காலியான ஊசிகளில் இன்னொருவர் நூல் ஏற்றித் தர, மற்றொருவர் வலையை உதறி அடுத்த கிழிசலைத் தேடுகிறார்.

பழகிய விரல்களுக்கு இவ்வேலையில் பேச்சு தடையாவதில்லை. வலையின் நீளமோ தனியொருவரால் சமாளிக்கக் கூடியதன்று. இவ்விரு காரணங்களும் சேர்ந்தே கூட்டத்தை உண்டாக்குகின்றன. டீசல் விலை, மீன் படும் ஆழம், படகுக் கடன், வீட்டுக் கல்யாணம் என எல்லாம் அங்கே பேசித் தீர்கின்றன. கடலுக்குப் போக உடல் இடங்கொடுக்காத முதியவருக்கும் அங்கே வேலையும் மரியாதையும் உண்டு, இளைஞருக்கோ அதுவே பள்ளிக்கூடம். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 45 நாள்களிலிருந்து 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அந்த நாள்களில் படகுப் பழுதும் வலை வேலையும் மும்முரமாக நடக்கின்றன.

இத்தகைய கூட்டுவேலை மனத்துக்குத் தரும் ஆறுதலைக் கம்பளிப் பின்னலில் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். ஜில் ரைலி, பெட்சான் கார்க்ஹில், கிளேர் மாரிஸ் ஆகியோர் 3,545 பின்னற்காரர்களிடம் திரட்டிய பதில்களைக் கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி பின்னுவோர் கூடுதல் அமைதியை உணர்வதாகவும், குழுவாகப் பின்னுவோர் மகிழ்ச்சியும் பிறருடனான தொடர்பும் மேம்பட்டதாகவும் தெரிவித்தார்கள். இவை அவரவர் தம்மைப் பற்றிச் சொன்னவையே என்றாலும், வலைக்காரர்களின் அனுபவத்தோடு பொருந்தியே நிற்கின்றன.

கூட்டம் கலைவதற்கும் காரணங்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊர்களில் பெண்கள் கையால் வலை பின்னிச் சம்பாதித்துவந்தார்கள். இயந்திரத்தில் நெய்த நைலான் வலை வந்தபோது அவர்களுடைய வருமானமும் கூடி வேலை செய்யும் வாய்ப்பும் குறுகிப்போயின. புது வலையை இயந்திரம் தந்துவிடுகிறது, கிழிந்த வலைக்கு இன்னும் கைதான் வேண்டும் என்பதால் காசிமேட்டுக் கூட்டம் நிலைத்திருக்கிறது. எண்ணூரில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோது படகுகளும் வலைகளும் பாழாயின.

தொழிலோடு ஒட்டிய கூட்டம் வாய்க்காத நகரப் பெண்கள் அதைத் தாமே முயன்று உண்டாக்கிக்கொள்கிறார்கள். சுபஸ்ரீ நடராஜன் சென்னையில் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர், தத்தம் வீடுகளில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள, ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர் கொண்ட போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அங்கும் தனியொருவரால் முடியாத அளவே பலரை ஒன்றுசேர்த்தது.

தமிழ்நாட்டு மீனவ ஊர்களுக்கான அரசுத் திட்டங்களில் மீன் ஏலக்கூடத்தோடு வலை பின்னும் கூடமும் இடம்பெறுவது உண்டு. அதைத் தளவாடம் போடும் கொட்டகையாகக் கருதாமல், நிழலும் காற்றும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள பொது இடமாகக் கட்டி, வலை வேலை இல்லாத வேளைகளில் அவ்வூர்ப் பெண்களின் பின்னல், தையல் வேலைகளுக்கும் திறந்துவிடுவது, காசிமேடு முதல் எண்ணூர் வரை உடனடியாகச் செய்யத்தக்க, செலவு குறைந்த சமூகப் பணியாகும்.