நுரையீரலுக்குள் ஒரு சண்டை

தோழிகளே, கொரோனா வந்தவங்களுக்கு ஏன் மூச்சுத் திணறுச்சு? கிருமிதான் காரணம்னு சொல்லுவோம். அது பாதிதான் சரி. மீதி, நம்ம உடம்போட காவலாளிகள் செய்த வேலை!

நம் நுரையீரலில் சுமார் 30 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. அங்கே கிருமி நுழைந்ததும் நியூட்ரோஃபில் என்னும் இரத்த வெள்ளை அணுக்கள் ஓடி வந்து, அதைக் கொல்ல நச்சுப் பொருள்களைக் கொட்டும். அளவோட இருந்தா நல்லது. அடங்காம போனா, வயல்ல புகுந்த மாட்டை விரட்டப் போனவங்களே நாத்தை மிதிச்சு அழிச்ச கதைதான். நுண்ணறையின் மெல்லிய சுவர் சேதமாகும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, காற்று இருக்க வேண்டிய இடத்தை நிரப்பிடும். அப்புறம் ஆக்சிஜன் எப்படி இரத்தத்துக்குப் போகும்? கொரோனா மட்டுமில்ல, சாதாரண நிமோனியா முற்றினாலும் இப்படி ஆகலாம். 1967-லேயே அமெரிக்க டாக்டர்கள் 12 நோயாளிகளிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம்ம மதுரை இராசாசி மருத்துவமனையில்தான் நடந்தது, 2020 மார்ச் 25-ல். அப்போ எந்த மருந்து கேக்கும்னு யாருக்கும் தெரியாது. ஜூன் மாதம்தான் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். டெக்சாமெத்தசோன்! விலை குறைந்த பழைய மருந்து. இது கிருமியைக் கொல்லாது, காவலாளிகளை அடக்கும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இது கொடுக்காதபோது 100-க்கு 41 பேர் இறந்தார்கள், கொடுத்தபோது 29 பேர்.

ஆனா ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு இதனால் பலன் இல்லை. ஆரம்பத்துல காவலாளிகள் சண்டை போடணும்ல! அதனால, மெடிக்கல்ல நாமளா கேட்டு வாங்குற மாத்திரை இல்ல இது.