குன்னூர் ஏறினால் இரத்த அழுத்தம் குறையுமா?

மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் ஏறிக் குன்னூருக்குப் போயிருக்கிறீர்களா? 1899இல் குன்னூரை எட்டிய இருப்புப் பாதை அது. ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். காற்றழுத்தம் குறைவதே இதற்குக் காரணம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் ஏறக்குறைய 610 மி.மீ.தான்.

அப்படியானால் அங்கே நம் இரத்த அழுத்தமும் 150 மி.மீ. குறைந்துவிடுமா? இயல்பான அளவே 120/80 தானே!

அஞ்ச வேண்டாம். இரத்த அழுத்தமானி காட்டுவது காற்றழுத்தத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. காற்று உடலை வெளியிலிருந்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் உள்ளேயும் பரவுகிறது. எனவே இரண்டும் சேர்ந்தே குறைகின்றன, வேறுபாடு மாறுவதில்லை.

அளப்பது எப்படி?

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, கையில் சுற்றும் காற்றுப்பட்டையால் இதனை அளந்தார். பட்டையில் காற்றை ஏற்றினால் தமனி நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கும். காற்றை மெல்ல வெளியேற்றினால் இரத்தம் பீறிட்டுப் பாயும். அப்போது எழும் ஒலியை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கலாம் என்று 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் கூறினார். ஒலி தொடங்கும் அளவு, இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம். ஒலி மறையும் அளவு, இதயம் விரியும்போதுள்ள அழுத்தம்.

வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், பெரியவர்களுக்கு அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும்.

வலிக்காத நோய்

'இது தாத்தாக்களின் நோய்' என்று நினைக்கிறீர்களா? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 21 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் மிகுந்திருந்தது அல்லது அதற்காக மருந்து உண்டு வந்தனர். கணக்கு எந்த வயதில் தொடங்குகிறது, பார்த்தீர்களா?

பெரும்பாலும் இந்நோய் வலிப்பதில்லை; தலை சுற்றுவதும் இல்லை. இருபத்தைந்து வயது இளைஞர் நலமாகவே நடமாடுவார். ஆனால் உள்ளே இதயத் தசை தடிக்கும்; சிறுநீரகத்திலும் மூளையிலும் விழித்திரையிலும் உள்ள நுண்குழாய்கள் பழுதுபடும். இளமையில் தொடங்கினால் பழுது சேரும் ஆண்டுகளும் அதிகம் அல்லவா?

இளையோரில் சிலருக்குச் சிறுநீரக நோயோ, சிறுநீரகத் தமனி குறுகியிருப்பதோ, சுரப்பிகளின் கோளாறோ காரணமாக இருக்கும். அதைக் கண்டு சரிசெய்தால் அழுத்தம் இயல்புக்குத் திரும்பவும் கூடும். ஆகவே, 'சின்ன வயசுதானே' என்று விட்டுவிடக் கூடாது.

குன்னூரின் ஓர் அறை

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் பற்றி ஆராயத் தொடங்கினார். பின்னர் எலிகளுக்குப் பலவகை உணவுகளைக் கொடுத்து, உணவு மாறினால் உடல்நலமும் மாறுவதைக் காட்டினார். அந்த ஆய்வகம் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

அந்நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகக் கூடாது என்கிறது. ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு! உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது. குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் இவற்றில் மறைந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீங்கள் செய்யலாம்

மேடேறி வந்தவுடன் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். குளிரில் நடுங்கும்போதும் அப்படியே. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள அண்ணனும் அக்காவும் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று இன்றே கேளுங்கள். 'அளந்ததே இல்லை' என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். சில நிமிட வேலைதான்!